வேல்ஸில் ஒரே ஒரு பப் என்றால் எங்கே போவது?

அக்கா குடும்பம் ஆகஸ்டில் ஒரு வாரம் வருகிறது. கார்டிஃபில் மூன்று இரவு, மேற்கே பெம்ப்ரோக்ஷயரில் இரண்டு, வடக்கே லீன் தீபகற்பத்தில் இரண்டு என்று அத்தான் வரைபடத்தில் கோடு போட்டு அனுப்பிவிட்டார். என்னிடம் விட்டது ஒரே ஒரு வேலை. "பழைய வேல்ஸ் பப் ஒண்ணுல உக்காந்து சாப்பிடணும் மாப்ளே. டூரிஸ்ட் போற இடம் வேண்டாம். அங்கேயே இருக்கிற ஆளு, உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததால்தான் சிக்கல். வருகிறவர்களைப் பாருங்கள். அக்கா சுத்த சைவம், மதுவும் தொடமாட்டாள். அத்தான் பீர் பிரியர், ஆனால் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். மருமகனுக்குப் பதினொரு வயது, உலகத்தில் எங்கே போனாலும் சிப்ஸ் போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி. சரித்திரம் இருக்கிற இடமென்றால் வலி தெரியாது. இந்த நான்கு பேரையும் ஒரே மேசையில் திருப்தியாக உட்கார வைக்கும் பப் எது?

கார்டிஃபுக்கு வந்த முதல் வருடம் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர்கள் மூன்று பேர் மலை ஏறிவிட்டு, நனைந்து, பசியோடு ஒரு கிராமத்து பப்புக்குள் நுழைந்தோம். மணி எட்டே முக்கால். கணப்பில் நெருப்பு, ஓரத்தில் ஒரு நாய், தாழ்ந்த கூரை, எல்லாம் படத்தில் பார்த்தது போலவே இருந்தது. சாப்பாடு கேட்டோம். சமையலறை எட்டரைக்கே மூடியாயிற்று. ஆளுக்கு இரண்டு பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவலும் ஊறுகாய் முட்டையும்தான் அன்றைய இரவுச் சாப்பாடு. மேசையில் உட்கார்ந்தபடி பத்து நிமிடம் யாராவது வந்து கேட்பார்கள் என்று வேறு காத்திருந்தோம். யாரும் வரவில்லை. பப்பில் யாரும் வரமாட்டார்கள், நாம்தான் பார் கவுண்டருக்குப் போக வேண்டும் என்பது அப்போது தெரியாது. ஊர் திரும்பும் வரை அந்த பப்பைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இப்போது யோசித்தால் அந்த பப் மேல் பெரிய தப்பில்லை. பேச்சுக்கும் பீருக்கும் ஏற்பட்ட வீட்டில் நாங்கள் போய் ஹோட்டலைத் தேடியிருக்கிறோம். வேல்ஸ் பப்புகளைப் பற்றிப் பயணிகள் சொல்கிற குறைகளைக் கேட்டுக்கொண்டே வந்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: முக்கால்வாசி ஏமாற்றம், சாப்பிடப் போகிற பப்பையும் குடித்துப் பேசப் போகிற பப்பையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சிறப்பாக அமைவது அபூர்வம். ஆகவே அத்தானுக்கு நான் போட்ட பட்டியலில் வயதோ நட்சத்திர மதிப்பெண்ணோ இல்லை. சமையலறை எப்படி, கூடம் எப்படி என்று இரண்டே கேள்விகள்.

கார்டிஃபிலேயே முடித்துவிடலாமா?

மிகச் சுலபமான வழி இது. காரே வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து ஐந்து, பத்து நிமிட நடையில் பழைய பப்புகள் இருக்கின்றன. கோட்டைக்கு எதிரே உள்ள ஹை ஸ்ட்ரீட்டில் 'கோட் மேஜர்' என்று ஒன்று. வேல்ஸ் படைப்பிரிவு ஒன்றில் ஆட்டுக்கடா ஒன்றைச் சின்னமாக வளர்ப்பது வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு அணிவகுப்பில் வரும் வீரருக்கு உள்ள பட்டப்பெயர்தான் பப்பின் பெயர். மருமகன் இந்தக் கதையிலேயே கவிழ்ந்துவிடுவான்.

அத்தானுக்கு இங்கே குடிக்க வேண்டியது பிரெய்ன்ஸ். 1882இல் தொடங்கிய கார்டிஃப் மதுவடிப்பாலை. அவர்களுடைய எஸ்.ஏ. என்ற பீருக்கு நிறுவனர் சாமுவேல் ஆர்தர் பிரெய்னின் முதலெழுத்துகள்தான் பெயர் என்பார்கள். ஊர்க்காரர்கள் அதை 'ஸ்கல் அட்டாக்' என்று விரித்துவிட்டார்கள்: மண்டையைத் தாக்குவது. உண்மையில் அது அப்படியொன்றும் போதை ஏற்றும் சரக்கல்ல.

பீர் சூடாக இருக்கிறது என்று நம்மவர்கள் எல்லோரும் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், அத்தானும் சுளிப்பார். அது சூடு இல்லை. கைப்பம்பை இழுத்து ஊற்றுகிற, ஏல் என்னும் பீப்பாய் பீர், நிலவறையின் குளுமையில், 11 முதல் 13 டிகிரி வரை இருக்கும். ஐஸ் போல் குளிர்ந்தால் அதன் மணம் தெரியாது. பிடிக்குமோ என்று சந்தேகமிருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், சிறிய கிளாஸில் தருவார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. முழு பைன்ட் என்பது 568 மில்லி. அரை பைன்ட் கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் கிடையாது.

நகரத்தில் இன்னொரு வசதி, சாப்பாடு பப்போடு கட்டுண்டதல்ல. ஒரு பப்பில் குடித்துவிட்டு வெளியே வந்து எங்கேயாவது சாப்பிடலாம். தெற்கு வேல்ஸில் கறியோடு 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேட்டால் பாதித் தட்டு சோறு, பாதித் தட்டு சிப்ஸ், மேலே குழம்பு என்று வரும். இதைச் சிரிப்போடு பார்க்கிற நம் ஆட்கள் அடுத்த வாரம் அதையேதான் வாங்குவார்கள். நான் வாங்குகிறேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரக்பி ஆட்டம் உள்ள நாளில் சாப்பாட்டு ஆசையோடு நகரத்துக்குள் வராதீர்கள். 1999இல் திறந்த அந்த ஸ்டேடியம் ஊர் நடுவே, ஏறக்குறைய 74,000 பேர் கொள்ளும்படி நிற்கிறது. அன்றைக்கு பப்புகளில் நாற்காலிகள் மாயமாகிவிடும், பீர் பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறும். தோளோடு தோள் இடித்தபடி நின்று, முன்பின் தெரியாதவர்கள் நான்கு குரலாகப் பிரிந்து கீர்த்தனை பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல நாளும் இல்லை. ஆகஸ்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஆட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் கார்டிஃப் பப் எப்படி இருக்கும் தெரியுமா? பிரிஸ்டலிலோ பர்மிங்காமிலோ இருக்கிற பப் போலவே இருக்கும். அத்தான் கேட்ட 'வேல்ஸ்' அங்கே இல்லை.

சரித்திரம் வேண்டுமென்றால்

அப்பாவுக்காக முதலில் நினைத்தது ஸ்கிரிட் மவுன்டன் இன். கார்டிஃபிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம், அபர்கவென்னி தாண்டி. வேல்ஸின் மிகப் பழைய பப் என்றும், 1110ஆம் ஆண்டே இங்கே சாராயக் கடை இருந்தது என்றும் சொல்லிக்கொள்கிறது. மாடியில் நீதிமன்றம் நடந்ததாம், ஆடு திருடியவர்களைப் படிக்கட்டுக்கு மேலே உள்ள உத்தரத்திலேயே தூக்கில் போட்டார்களாம், கயிறு தேய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறதாம். கூடவே ஆவிகளும். இந்த 'ஆம்'களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 17ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். அதுவே பார்க்க வேண்டியதுதான். வெளியே ஸ்கிரிட் மலை ஒரு பக்கம் சரிந்து தனியாக நிற்கும் காட்சிக்கே போகலாம்.

என் தயக்கம் வேறு. இந்த மாதிரி இடத்தில் கதைக்காக வருகிறவர்கள்தான் அதிகம். சுற்றியிருக்கிற மேசைகளில் எல்லோரும் நம்மைப் போலவே உத்தரத்தைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். 'டூரிஸ்ட் போற இடம் வேண்டாம்' என்ற நிபந்தனை அங்கேயே அடிபட்டுவிடுகிறது.

வடக்கே எரரி (ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா) மலையடிவாரத்தில் இருக்கிற பென்-இ-க்ருயிட் விடுதி இதற்கு நேர்மாறு. அங்கே சரித்திரம் கூரையில் கையெழுத்தாகவே இருக்கிறது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழு பயிற்சிக்குத் தங்கிய இடம் அது. அவர்கள் உட்கூரையில் போட்ட கையெழுத்துகளை இன்றும் படிக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள், எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். மலையேறிகளுக்கு இது கோயில். அப்பா சொக்கிப்போவார். ஆனால் குறித்த நேரத்தில் குறித்த சாப்பாடு என்னும் முறை அக்காவுக்குச் சரிப்படாது. ஒரு பைன்டுக்கு நுழைந்து கூரையைப் பார்த்துவிட்டு வெளியேறலாம், அவ்வளவுதான்.

சாப்பாடுதான் முக்கியம் என்றால்

அப்படியானால் கதையே வேறு. ப்ரெகன் மலைப்பக்கத்திலும் மன்மத்ஷயரிலும் வெளியே பப், உள்ளே உணவகம் என்று பல இடங்கள். ப்ரெகனிலிருந்து வடகிழக்கே போகும் சாலையில் உள்ள ஃபெலின் ஃபாக் கிரிஃபின் அந்த வகை. காய்கறித் தோட்டம் அவர்களுடையதே. இந்த வகை இடங்களில் மேசைக்கு வந்து கேட்பார்கள், சைவத் தட்டு என்றால் உண்மையிலேயே யோசித்துச் செய்திருப்பார்கள், வேல்ஸ் ஆட்டுக்குட்டிக் கறியை அத்தான் சாப்பிட்டால் அடுத்த பத்து வருடம் அதைப் பற்றியே பேசுவார். பில்லும் பத்து வருடம் நினைவிருக்கும். அக்கா மட்டும் வந்திருந்தால் இங்கேதான் கூட்டிப்போயிருப்பேன். ஆனால் அங்கே பக்கத்து மேசைக்காரர் நம்மிடம் பேச மாட்டார். உணவகத்தில் யார் பேசுவார்கள்?

சாதாரண பப்பில் சைவக்காரர் என்ன சாப்பிடலாம் என்பது நம் வீடுகளில் வருகிற முதல் கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளாமர்கன் சாசேஜ் என்று பட்டியலில் இருந்தால் சாசேஜ் என்ற பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். அதில் இறைச்சியே கிடையாது. சீஸ், லீக் என்னும் வெங்காயத் தண்டு, ரொட்டித் தூள் மூன்றையும் பிசைந்து உருட்டிப் பொரித்தது. பிணைப்புக்கு முட்டை சேர்ப்பார்கள். கூடவே அதில் சேரும் கார்ஃபிலி சீஸில் ரென்னட், அதாவது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள், உண்டா என்று மிகக் கறாரானவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

வெல்ஷ் ரேர்பிட், உள்ளூர்ப் பெயரில் கவ்ஸ் போபி, அதாவது சுட்ட சீஸ். சீஸை ஏல், கடுகு சேர்த்து உருக்கி ரொட்டி மேல் பரப்பிச் சுடுவது. பார்க்கச் சைவம். ஆனால் இரண்டு கண்ணிகள் உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஏல் சேர்கிறது, மதுவைத் தொடாதவர்களுக்கு அது உறுத்தும். பெரும்பாலும் வூஸ்டர் சாஸும் சேர்கிறது, அதில் நெத்திலி மீன் இருக்கிறது. அக்கா இதை இரண்டு முறை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறாள். இந்தப் பத்தியை அவளுக்குக் காட்ட வேண்டாம்.

ஞாயிறு ரோஸ்டில் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் காய்கறி மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். உருளைக்கிழங்கும் யார்க்ஷயர் புட்டிங் என்னும் உப்பிய மாவுப் பண்டமும் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் வெந்திருக்கும். அத்தானுக்கும் இது பொருந்தும். சிப்ஸ், மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். ஒவ்வாமை பற்றிய கேள்விகளுக்குப் பழகியவர்கள், அதனால் எரிச்சலும் படமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் தப்பு.

அசைவக்காரர்களுக்கு கவுல் இருக்கிறது. ஆட்டுக்கறி, லீக், ஸ்வீட் என்னும் மஞ்சள் கிழங்கு, உருளைக்கிழங்கு போட்டுக் கொதிக்கவைத்த தெளிந்த சூப்பு. பக்கத்தில் ரொட்டியும் ஒரு துண்டு சீஸும். காரம் சிறிதும் இல்லை. மழையில் நடந்துவிட்டு வந்து குடித்தால் காரம் எதற்கு என்று தோன்றும், வெயில் நாளில் குடித்தால் பத்தியச் சாப்பாடு போல இருக்கும். பாரா லவர் என்பது கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்துக் கரும்பச்சை விழுதாக்கி, ஓட்ஸ் மாவு சேர்த்துப் பொரிப்பது. பென்க்ளாவ்ட் கடற்கரைச் சிப்பிக்கறியோடும் பன்றி இறைச்சியோடும் வரும். பார்வைக்கு அழகில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள், கடல் தெரியும்.

பேச்சுக்கென்றே ஒரு வீடு

பெம்ப்ரோக்ஷயரின் க்வைன் பள்ளத்தாக்கில், பான்ட்வைன் என்ற சின்ன ஊரில், டஃப்ரின் ஆர்ம்ஸ் இருக்கிறது. யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை, 'பெஸ்ஸி' என்பார்கள். பெஸ்ஸி டேவிஸ் என்ற அம்மையார் 70 ஆண்டுகளுக்கு மேல் நடத்திய பப். 2023 டிசம்பரில், 93 வயதில் காலமானார். பார் கவுண்டர் என்று ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு சின்னத் திறப்பு. அதைத் தட்டினால் உள்ளிருந்து பீப்பாயிலிருந்து கூஜாவில் பிடித்து, கூஜாவிலிருந்து கிளாஸில் ஊற்றித் தருவார்கள். அறை என்பது ஒரு பழைய வீட்டின் முன்னறை, பெஞ்சுகள், சுவரில் ராணியின் படம். பட்டியலும் இல்லை, சமையலறையும் இல்லை. குறும்பு என்னவென்றால், வேல்ஸிலேயே வேல்ஸ்தனமான பப் என்று பலர் கொண்டாடும் இங்கே பேர்போனது பாஸ் பீர். அது இங்கிலாந்தின் பர்டன் ஊர்ச் சரக்கு.

உள்ளே நுழைந்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அறை அவ்வளவு சிறியது, பார்க்காமல் இருக்க முடியாது. அங்கே கைபேசியைக் குடைந்துகொண்டு உட்கார்வது, ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வது மாதிரி. வணக்கம் சொல்லிவிட்டால் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தொடங்கிவிடும். அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் இன்னும் ஜனவரி 13ஐத்தான் பழைய புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள். 1752இல் நாடு முழுதும் நாட்காட்டியை மாற்றியபோது அவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் பரிசு வாங்கும் வழக்கம் இப்போதும் உண்டு. அப்பா இதைக் கேட்டுவிட்டால் எழுந்திருக்கமாட்டார்.

சாப்பாடு இல்லை என்ற ஒரே காரணத்தால் இங்கே ஏமாந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் இதற்கு ஈடாக ஓரிடத்தை என்னால் சொல்ல முடியாது.

ஊரே சேர்ந்து வாங்கிய பப்புகள்

அங்கிருந்து அரை மணி நேரத்தில் ரோஸ்புஷ். 1876இல் ரயில் வந்ததை ஒட்டிச் சிவப்புத் தகரத்தில் கட்டிய பழைய ஹோட்டல், இன்று டவர்ன் சின்க். வேல்ஸ் மொழியில் டவர்ன் என்றால் பப், சின்க் என்பது துத்தநாகத் தகரம். ரயில் எப்போதோ நின்றுபோயிற்று, பழைய பிளாட்ஃபாரம் மட்டும் தோட்டத்தில் மிச்சம். தரையில் மரத்தூள், உத்தரத்திலிருந்து தொங்கும் பன்றித் தொடைகள், விளக்குகள், பழைய வீட்டுச் சாமான்கள். 2017இல் இது மூடப்படும் நிலை வந்தபோது ஊர்க்காரர்களும் வெளியூர் நண்பர்களும் பங்கு போட்டு வாங்கிவிட்டார்கள். பின்னால் தெரிகிற ப்ரெசெலி மலைகளிலிருந்துதான் ஸ்டோன்ஹெஞ்சின் நீலக் கற்கள் போயின.

சமையலறை ஆடம்பரமில்லாதது. ஃபேகட் என்ற இறைச்சி உருண்டை, ஆட்டுக்கறி, கூடவே சைவத்துக்கு ஏதாவது. நான் இதுவரை சொன்ன கேள்விகள் இரண்டுக்கும் ஓரளவு 'ஆம்' என்று பதில் கிடைக்கிற இடம் இதுதான். சாப்பாடும் உண்டு, பக்கத்து மேசையில் வேல்ஸ் மொழியும் கேட்கும்.

லீன் தீபகற்பத்தில் லித்வைன் கிராமத்து டவர்ன் இ விக் இதற்கெல்லாம் மூத்தது, 1988இலேயே ஊர் வாங்கிக்கொண்டது. இப்படி வாங்கிய பப்புகளில் ஒரு வித்தியாசம் சட்டென்று தெரியும். பீர் ஊற்றுகிறவரும் குடிக்கிறவரும் கூட்டத்தில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டவர்கள். மாலையில் பாட்டு, வினாடி வினா, ஏதாவதொரு சங்கத்தின் கூட்டம் என்று நடந்துகொண்டே இருக்கும். உணவு எந்தெந்த நாள் என்பது மட்டும் மாறும், போன் செய்து கேட்காமல் போகக்கூடாது.

லீன் அடங்கிய க்வினெத் மாவட்டத்தில் 2021 கணக்கெடுப்பின்படி 64.4 சதவீதம் பேர் வேல்ஸ் மொழி பேசுகிறவர்கள். "நாங்க உள்ளே வந்ததும் வேணும்னே அவங்க மொழிக்கு மாறிட்டாங்க" என்று இங்கிலாந்துப் பயணிகள் சொல்லும் பிரபலமான புகார் ஒன்று உண்டு. கதவு திறப்பதற்கு முன்னால் அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறார்கள்? வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்ந்த நமக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. கிளாஸைத் தூக்கி 'யெக்கிட் டா' என்றும், வாங்கிக்கொள்ளும்போது 'டியோல்க்' என்றும் சொல்லிப் பாருங்கள். முதலாவது 'நல்ல உடல்நலம்', இரண்டாவது 'நன்றி'. உச்சரிப்பு தப்பினால் திருத்துவார்கள், திருத்தத் தொடங்கினால் பேச்சும் தொடங்கிவிடும்.

அதே கரையில் போர்த்தின்லைனில் டீ கோஹ் இருக்கிறது. சிவப்பு வீடு என்று அர்த்தம். 1823இல் பாதிரியார் வீடாகக் கட்டியது, 1842 முதல் பப். மணலிலேயே நிற்கிறது. ஊர்க்காரர்கள் தவிர யாருக்கும் கார் அனுமதி கிடையாது. மோர்வா நெவினில் காரை விட்டுவிட்டு, கால்ஃப் மைதானம் வழியாகவோ கடற்கரை வழியாகவோ இருபது நிமிடம் நடக்க வேண்டும். வெயில் நாளில் கிளாஸோடு வெளியே வந்து, காலை நீரில் விட்டபடி எதிரே மலைகளைப் பார்த்தால் கோவா நினைவுக்கு வராது, வேறெங்கோ இருப்பது போலத்தான் இருக்கும். மருமகனுக்குச் சொர்க்கம். ஆனால் ஆகஸ்டில் ஒரு தட்டு உணவுக்கும் ஒரு பைன்டுக்கும் நீண்ட வரிசை, மழை பிடித்தால் ஒதுங்க இடம் போதாது, அப்பாவின் முழங்காலுக்கு அந்த மேடு பள்ளம் ஆகாது.

இந்தக் கரையில் இன்னொரு விஷயத்தை அத்தானிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 1881இல் வேல்ஸுக்கென்று தனிச்சட்டம் போட்டு ஞாயிற்றுக்கிழமை பப்புகளை மூடினார்கள், தேவாலயங்களின் செல்வாக்கு அப்படி. 1961இலிருந்து அந்தந்த வட்டாரமே வாக்கெடுத்து முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசிவரை பிடிவாதமாக நின்றது லீன் பகுதியை உள்ளடக்கிய டுவைவோர், 1996 வரை. அதாவது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலும் டீ கோஹ்வில் ஞாயிற்றுக்கிழமை பீர் கிடைத்திருக்காது. இன்றைக்கு ஞாயிறுதான் பப்புகளுக்கு வாரத்திலேயே பரபரப்பான மதியம். ரோஸ்ட் வேண்டுமென்றால் சில நாட்கள் முன்பே மேசை பதிய வேண்டும்.

நடைமுறை

எந்த பப்பானாலும் பொதுவானவை சில. பார் கவுண்டரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. உங்களுக்கு முன்னால் வந்தவரை முந்தினால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனித்திருப்பார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போய்ச் சாப்பாடு சொல்லுங்கள், பல இடங்களில் பணமும் அப்போதே. குடிக்கப் போகிற குழுவில் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். தன் முறை வரும்போது கழிவறைக்குப் போகிறவர் எந்த நாட்டிலும் மதிப்பிழப்பார். டிப்ஸ் கட்டாயமில்லை. கவுண்டரில் மட்டும் வாங்கினால் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

பிள்ளைகளோடு போகலாம். ஆனால் பல பப்புகள் இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை அனுமதிப்பதில்லை. நாய்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

காரில் போகிறவர்களுக்கு: ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 100 மில்லிக்கு 80 மில்லிகிராம். கணக்குப் போட்டுக் குடிக்கிற வேலையே வேண்டாம், ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதே நல்லது. கிராமப்புறத்தில் மாலைக்கு மேல் பேருந்து அபூர்வம், டாக்சி முன்கூட்டியே சொன்னால்தான். தெருவிளக்கு உள்ள பெரும்பாலான ஊர்ச் சாலைகளில் 2023 செப்டம்பரிலிருந்து மணிக்கு 20 மைல்தான், அதனால் வரைபடத்தில் தெரிகிற தூரத்தை நம்பி எட்டு மணிக்குக் கிளம்பாதீர்கள். எட்டரைக்கு என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு எழுதி அனுப்பிய முடிவு

ஒரே பப்பில் எல்லாவற்றையும் முடிக்கிற ஆசையை விட்டுவிட்டேன். பெம்ப்ரோக்ஷயர் நாட்களில் ஒன்றில் மதியச் சாப்பாடு டவர்ன் சின்க்கில், ஒரு மணிக்கு, மேசை பதிந்து. அக்காவுக்கு என்ன உண்டு, எதில் பொரிக்கிறார்கள் என்று நான் போனிலேயே கேட்டுவிடுவேன். மருமகன் பழைய பிளாட்ஃபாரத்தில் ஓடட்டும், அப்பா நீலக் கற்களின் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். சாப்பிட்டு முடித்து, வயிறு நிறைந்தபின், கிளம்பி பெஸ்ஸிக்கு. அங்கே அத்தானுக்கு ஒரு கூஜா பாஸ், மற்றவர்களுக்குப் பேச்சு. திறந்திருக்கும் நேரத்தை அன்று காலை ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூடிய கதவுக்கு முன்னால் நின்று அசடு வழிய வேண்டியிருக்கும்.

ஸ்கிரிட்டும் கார்டிஃப் ரக்பி பப்பும் பட்டியலிலிருந்து போய்விட்டன. டீ கோஹ்வுக்கு வானம் பார்த்து, மருமகனும் நானும் மட்டும் ஒரு மதியம் நடந்து போய் வருவோம். அப்பா காரில் இருந்தபடியே கடலைப் பார்ப்பார். லித்வைன், அங்கே தங்கும் இரவுகளில் ஒன்றில் தோன்றினால்.

அத்தான் உடனே சம்மதித்துவிட்டார். கார் ஓட்டப் போவது நான்தான், லைம் சோடாவோடு. அக்காவிடமிருந்து மட்டும் இன்று காலை ஒரு கேள்வி வந்தது: "அந்த ஜன்னல்ல தட்டினா பீர் குடுக்கிற வீட்டுல டீ குடுப்பாங்களா?" கேட்டுப் பார்க்கலாம் என்றேன். "எதுக்கு வம்பு, ஃப்ளாஸ்க்குல எடுத்துக்கிறேன்" என்றாள். ஃப்ளாஸ்க் காருக்குள்ளேயே இருக்கட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.